சிங்கனைக் கொண்டுவந்தது நான்தான்

பூப்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டம். மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டு முன்னால் இரண்டு கோம்பை நாய்கள் கட்டுண்டு கிடந்தன. இரண்டும் ஒரே நிறம், செம்மண்ணில் புரட்டி எடுத்த மாதிரி. முகம் மட்டும் அடுப்புக்கரி.

ஒன்று தாடையைத் தரையில் வைத்துப் படுத்தபடி எங்களைப் பார்த்தது. மற்றது சங்கிலி இறுக இறுகப் பின்னங்கால்களில் எழுந்து நின்றது. குரைக்கவில்லை. கழுத்து நெரிபட்டதால் எழுந்த கரகரப்பு மட்டும் கேட்டது.

தோட்டத்துக் காவற்காரர் சவரிமுத்து படுத்திருந்ததைக் காலால் தொட்டுக் காட்டினார். "இவன் எல்லாத்தோடயும் போவான் வருவான். அந்தா நிக்கிறான் பாருங்க, அவன் ஒருத்தருக்குத்தாம்மா அடங்குவான். சோறு வைக்கிற கைக்கு மட்டும். மத்தவுக அங்கிட்டுப் போக முடியாது."

என் கணவர் படுத்திருந்த நாயின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "ராசாமணி, இது போதுமின்னு தோணுது. ஊட்டுல ஏற்கெனவே மூணு கெடக்குது."

நான் நின்ற நாயை நோக்கிக் கையை நீட்டினேன். "எனக்கு அதுதானுங்க வேணும்."

சவரிமுத்துவின் மனைவி ஆரோக்கியம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "வீட்டுல மூணு இருக்கா? பொட்டை இருக்காம்மா?"

"ரெண்டு பொட்டை, ஒரு கடுவன்."

"அப்ப இவன் வேணாம்மா. தனியா நின்னான்னா ராசா. இன்னொரு நாய் இவன் தட்டுல வாய வச்சா கொலகாரன். நாஞ் சொல்லலைன்னு நாளைக்கு ஆகக்கூடாது."

சவரிமுத்து அவரை முறைத்தார். ஆரோக்கியம் முறைப்பைச் சட்டை செய்யவில்லை. என்னையே பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்க்காமல் நாயைப் பார்த்தேன். 'ஒருத்தருக்குத்தான் அடங்குவான்' என்ற சொல்லிலேயே என் மனம் மாட்டிக்கொண்டு நின்றது. அதற்குமேல் யார் பேசியதும் ஏறவில்லை.

மூன்று நாய்கள், ஒரு நங்கை

முதலமடையில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்த கதையைச் சென்ற இதழில் எழுதியபோது, வீட்டில் நாய்கள் இருந்தன என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தேன். அது நியாயமில்லை. அந்த எழுபதுகளில் எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டைகள் எல்லாமே நாயை வைத்துத்தான் நடந்தன.

செவலை மூத்தவள். அவள் ஈன்றவை மணியனும் குட்டச்சியும். மணியன் இலை விழுந்தாலும் குரைப்பான், ஆள் வந்தால் கட்டிலுக்கடியில் போய்விடுவான். குட்டச்சிக்குக் கால் குட்டை, காது கூர்மை. கருப்பன் என்று நான்காவது ஒன்று இருந்தது. அவனைத்தான் புலி கொண்டுபோனது.

சிறுத்தையையும் எங்கள் பக்கம் புலி என்றே சொல்வோம். தோப்பின் தெற்கு ஓரத்தில் மூங்கில் புதர், அதற்கப்பால் மலை. ஒரு நாள் மாலை நான்கு மணி இருக்கும், ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தபோதே கருப்பனைத் தூக்கிவிட்டது. மறுநாள் அவன் கழுத்தில் கட்டிய மணிக்கயிறு மட்டும் கிடைத்தது. அதற்குப் பிறகு மற்ற மூன்றும் கிணற்றடியைத் தாண்டி ஓர் அடி வைக்கவில்லை. ஆடுகளோடு போக நாயில்லை.

ஆடுகளை மேய்த்தவர் என் கணவரின் அக்கா தெய்வானை. நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கை என்போம். புகுந்த வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகும்போதே அவர் அந்த வீட்டில் இருந்தார்.

நாய்கள் அவருடையவை. நான் கூப்பிட்டால் செவலை முதலில் என்னைப் பார்ப்பாள், அப்புறம் நங்கையைப் பார்ப்பாள். நங்கை தலையசைத்தால்தான் எழுந்து வருவாள். ஐந்து வருஷம் அந்த வீட்டில் அடுப்பெரித்தவள் நான். அந்த ஒரு தலையசைப்புக்காக ஒவ்வொரு முறையும் காத்து நின்றிருக்கிறேன். சின்ன விஷயம்தான். அரிசியில் கல் போல அது பல்லில் நெரிபட்டுக்கொண்டே இருந்தது.

அதோடு காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதம் முழுக்க ஓட்டைத் தடதடவென்று உலுக்கும். உலை வைத்தால் தீ நிற்காது, உட்கார்ந்தால் மனம் நிற்காது. காரணமில்லாமல் எழுந்து வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன், மறுபடி போவேன். அந்தக் காற்றுக் காலத்தில்தான் எனக்கென்று ஒரு நாய் வேண்டும் என்ற எண்ணம் பிடித்தது. கணவரிடம் ஆட்டுக்குக் காவல் என்றுதான் சொன்னேன்.

ராகிக் களி

சிங்கன் என்று பெயர் வைத்தேன். மேலே அரிசி ஏற்றிப்போன லாரி திரும்பும்போது அதில் கொண்டுவந்தோம். வந்த அன்றே புளியமரத்தடியில் தனியாகக் கட்டினேன். தட்டு வேறு, தண்ணீர்ச் சட்டி வேறு. நான் மட்டுமே சோறு வைத்தேன்.

நங்கை தூரத்திலிருந்து பார்த்தார். "நல்ல நாயிதான். ஆனா மூச்சு விடறப்பகூட ஒடம்பு தளர மாட்டேங்குது பாரு, புள்ள."

எனக்கு அது பாராட்டாகப் பட்டது.

இரண்டு வாரத்தில் சிங்கன் என் காலடிச் சத்தத்தைத் தெரிந்துகொண்டான். நான் கிணற்றடியில் வாளியை எடுத்தாலே வால் மண்ணைத் தட்டும். ஒரு மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது முகத்தைக் கொண்டுவந்து என் பாதத்தின்மேல் வைத்தான். கனமான, சூடான தலை. கால் மரத்துப்போகும்வரை நான் அசையவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று மட்டும் சுற்றிப் பார்த்தேன். நங்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு வாரம் ஒரு பகல் வேளையில், இனிப் பழகியிருப்பான் என்று நானாக முடிவு செய்து சங்கிலியைக் கழற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை. முற்றத்தில் இரண்டு சுற்று சுற்றி வந்தான். செவலை எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை. களிச் சட்டியை எடுத்து வந்து அவன் தட்டில் வைத்தேன். ஒரு கட்டி வெளியே உருண்டு விழுந்தது. செவலை, பாவம், அந்த வீட்டில் பத்து வருஷமாகத் தரையில் விழுந்ததெல்லாம் அவளுடையது. வந்து நக்கினாள்.

அவள் தோளை அவன் கவ்வியது எனக்குத் தெரியவே இல்லை. அவள் கத்தியதுதான் தெரியும்.

நங்கை அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். கோலைத் தேடவில்லை, தண்ணீரைத் தேடவில்லை. இரண்டு கையையும் அவன் தாடைக்குள் விட்டுப் பிரிக்கப் பார்த்தார். அவன் செவலையை விட்டுவிட்டு வலது கையைப் பிடித்தான்.

நான் களிச் சட்டியோடு நின்றிருந்தேன். "சிங்கா" என்றேன். முதல் முறை எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை அவன் கண் என் பக்கம் திரும்பியது. மூன்றாம் முறை விட்டான். விட்டுவிட்டு என்னிடம் வந்து, வாயோரம் இரத்தத்தோடு, என் காலடியில் உட்கார்ந்தான்.

அவன் எனக்கு அடங்கினான். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. நங்கையின் கையிலிருந்து மண்ணில் இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

பத்து நாள்

டவுன் ஆசுபத்திரியில் கம்பவுண்டர் மலையாளத்தில் கேட்டார். "பட்டி எவிடெ?"

மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்பது என் கணவருக்குத் தெரியாததல்ல. எல்லையில் பிறந்து வளர்ந்தவர். ஆனாலும் அன்றைய பதற்றத்தில், "பட்டி தோப்புக்குப் பின்னாலதானுங்க இருக்குது. ஆடெல்லாம் அடைச்சிருக்குதுங்க" என்றார். கைக்கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த நங்கை அந்த வலியிலும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் விவரமாகச் சொன்னார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. இன்றே தொடங்க வேண்டும். நாயைக் கொல்லக்கூடாது, அவிழ்க்கவும் கூடாது. பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் குடிக்கிறதா, தின்கிறதா என்று கவனிக்க வேண்டும். நாய் நன்றாக இருந்தால் ஊசியைப் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம். நாய்க்கு ஏதாவது ஆனால்...

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் உலக்கையை எடுத்தார். எடுத்த வேகத்திலேயே கீழே போட்டார். அவன் உயிரோடு இருந்தால்தான் அக்காவுக்கு நல்லது. அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் எல்லோரையும்விடப் பத்திரமாக இருந்தது சிங்கன்தான்.

காலையில் நங்கை முதல் பஸ்ஸுக்குப் போவார். மத்தியானம் வயிற்றைப் பிடித்தபடி திரும்புவார். ஒரு சொல் என்னைக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன், ஆறியிருக்கும். அவர் சும்மா இருந்ததால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. செவலையின் தோளுக்கு மஞ்சள் வைப்பேன், எழுந்து புளியமரத்தடிக்குப் போவேன், சட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன், திரும்பி வருவேன். அரை மணி நேரத்தில் மறுபடி போவேன். தண்ணீர் மட்டத்தை அடையாளம் பார்க்கச் சட்டிக்குள் கரிக்கட்டியால் கோடு போட்டு வைத்தேன்.

என் அப்பா வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர். மாடு வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருக்கும் தங்கள் மாட்டையும் ஓட்டிக்கொண்டு வருவார்கள். புது மாட்டை அதோடு நுகத்தில் பூட்டிச் சந்தைத் திடலை ஒரு சுற்று நடத்திப் பார்த்த பிறகுதான் பேச்சு. எவ்வளவு வாட்டசாட்டமான மாடாக இருந்தாலும் கூட்டுக்குச் சேராவிட்டால் வாங்காமல் தங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பாவாடை கட்டிய வயதிலிருந்து நான் கண்ணால் பார்த்தது இது. நாய் வாங்க மலையேறினபோது அது என் நினைவுக்கு வரவே இல்லை. வந்திருந்தாலும் வேண்டாமென்று தள்ளியிருப்பேன்.

ஏழாம் நாள் காலை. கரிக்கோட்டிலிருந்து தண்ணீர் இறங்கவே இல்லை. சிங்கன் சட்டியருகே முகத்தைக் கொண்டுபோனான், உடனே இழுத்துக்கொண்டான். மறுபடி போனான், மறுபடி இழுத்தான்.

தண்ணீருக்குப் பயந்தால் அந்த நோய் என்று எல்லோருக்கும் தெரியும். நங்கை அப்போதுதான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஓடிப்போய்க் கணவரைக் கூட்டி வந்தேன். அவர் நாயைப் பார்த்தார், குனிந்து சட்டியை முகர்ந்தார்.

"நாந்தான்" என்றார். "நேத்து பொழுதோட இந்த எடத்தைப் பினாயில் ஊத்திக் கழுவுனேன், சட்டியிலயும் தெறிச்சிருக்கும்."

வேறு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். சிங்கன் முழுதும் குடித்தான். குடித்துவிட்டுத் தலையை என் பாதத்தின்மேல் வைத்தான். அந்தத் தலையைத் தள்ளிவிடவும் முடியவில்லை, தடவவும் முடியவில்லை. அப்படியே நின்று அழுதேன்.

பத்தாம் நாள் கடந்தது. நாய்க்கு ஒன்றுமில்லை. ஊசியை நிறுத்தினார்கள். நங்கையின் வலது கை ஆட்காட்டி விரல் மட்டும் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

மணியனோடு மலையேறியது

சிங்கனைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வேறு நாய் பார்ப்பதென்று முடிவாயிற்று. "நானும் வாரேன்" என்றார் நங்கை. "மணியனையும் கூட்டிக்கலாம்."

"அவன் எதுக்கு நங்கை? லாரிச் சத்தத்துலயே செத்துருவான்."

"கூட இருக்கப்போறது அவந்தானே? அவனும் பாக்கட்டும்."

லாரியின் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே சிங்கனைத் துணியால் வாய் கட்டிப் படுக்க வைத்தேன். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் நாங்கள் இருவர், காலடியில் மணியன். உடுமலை தாண்டிக் காட்டுக்குள் ஏறும்போது நங்கை வெளியே பார்த்தபடியே பேசினார்.

"நீ ஏன் அதைப் புடிச்சேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், ராசாமணி."

நான் குனிந்து மணியனின் காதைப் பிடித்தேன்.

"நாயிகளை நான் ஒண்ணும் உன்கிட்ட வரவேண்டாம்னு புடிச்சு வெக்கல, புள்ள. அந்த ஊட்டுல நான் வந்தா எந்திரிச்சு வர்றதுன்னு வேற என்ன இருக்குது, சொல்லு."

"எனக்கு அது தெரியாதுங்க நங்கை."

"சொன்னாத்தானே தெரியும். நானும் சொல்லுல."

அவ்வளவுதான் பேச்சு. டிரைவர் காது கேளாதவர் போல வண்டியை ஓட்டினார். மறையூர் வரைக்கும் நான் மணியனின் காதைத் திருகிக்கொண்டே இருந்தேன். அவன் பொறுத்துக்கொண்டான்.

லயத்தில் சிங்கனைப் பார்த்த சவரிமுத்துவுக்கு முகம் விழுந்துவிட்டது. நங்கையின் விரலைப் பார்த்ததும் ஆரோக்கியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நாஞ் சொன்னேனேம்மா" என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்று படுத்திருந்த நாயை வேறு யாரோ ஓட்டிப் போயிருந்தார்கள். சிங்கனை ஏலக்காய் ஸ்டோருக்குக் காவலாகத் தனியே கட்டுவதென்று சவரிமுத்து ஏற்றுக்கொண்டார். அவனுக்கு ஏற்ற இடம்தான் அது.

நங்கை மணியனின் கயிற்றை அவிழ்த்து லயத்து முற்றத்தில் விட்டார்.

ஐந்தாறு நாய்கள் வந்தன. எல்லாம் முதுகு மயிர் சிலிர்த்து, கால் விறைத்து வந்தன. நாங்கள் எதிர்பார்த்த மாதிரியே மணியன் மல்லாந்து படுத்துவிட்டான். ஒன்று அவன் கழுத்தில் பல் வைத்துப் பார்த்தது. இன்னொன்று மேலே ஏறி நின்றது. அப்போது மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து ஒரு பெட்டை நாய் மெதுவாக வந்தது. மேலே நின்றதைத் தோளால் இடித்து ஒதுக்கியது. உறுமல்கூட இல்லை. மணியனை ஒருமுறை முகர்ந்தது. பிறகு அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மாடுகள் இருந்த பக்கம் பார்க்கத் தொடங்கியது.

"இதுதான்" என்றார் நங்கை.

"கொரைக்கவே காணமே நங்கை?"

"கொரைக்க மணியன் இருக்கறான்."

நான் கொண்டுவந்திருந்த களி உருண்டையை இரண்டாகப் பிய்த்து, ஒன்றை அதன் முன்னும் ஒன்றை மணியன் முன்னும் போட்டேன். அது தன்னுடையதைத் தின்றது. மணியன் பயத்தில் பாதியை விட்டு விலகினான். அந்தப் பாதியை அது பார்த்தது, என்னைப் பார்த்தது, எழுந்து போய்விட்டது. ஒரு தகர டப்பாவைக் கல்லின்மேல் போட்டுப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தது, ஓடவில்லை, பாயவும் இல்லை.

அதன் பெயர் மைனா. ஆரோக்கியத்தின் நாய். தர முடியாது என்றார். மாடு ஓட்டுவதே அதுதான் என்றார். நங்கை பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் ஆரோக்கியம் என்னிடம் வந்தார்.

"காசு வேணாம்மா. பிள்ளைகளுக்குப் பாலுக்கு ஆகும், கறக்குற ஆடு ஒண்ணு ஏத்தி விடுங்க. இவள மட்டும் கட்டிப் போடாதீக. கட்டுனா கெட்டுப்போவா."

சிங்கனிடம் நான் சொல்லிக்கொண்டு வரவில்லை. ஸ்டோர் பக்கமிருந்து சங்கிலிச் சத்தம் கேட்டது. லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மூங்கில் புதர்

மைனாவை நேராக வீட்டுக்குள் விடவில்லை. நங்கை மற்ற இரண்டையும் தோப்பின் வாசலுக்கே கூட்டி வந்தார். அங்கிருந்து எல்லாமாகச் சேர்ந்து நடந்தோம். செவலை நொண்டியபடி, குட்டச்சி உறுமியபடி. ஒரு வாரம் நான்கு தட்டும் நான்கு மூலையில். நான் இரண்டு வைப்பேன், நங்கை இரண்டு வைப்பார். செவலை பக்கத்தில் போனால் மைனா முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த ஒன்றே செவலைக்குப் போதுமாக இருந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மாலை. வெயில் இன்னும் மரத்தலையில் இருந்தது. நங்கையின் கைக்கு உதவியாக நானும் ஆட்டோடு போயிருந்தேன். தெற்கு ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஒரே நேரத்தில் தலை தூக்கின. மேய்கிற சத்தம் நின்றுவிட்டது. காற்றில்லாமலே மூங்கில் அசைந்தது.

மைனா ஓடவில்லை. ஆடுகளுக்கும் புதருக்கும் நடுவே நடந்து போய் நின்றாள். தலை தாழ்ந்தது. அப்போதுதான் அவள் குரலை முதன்முதலாகக் கேட்டேன். வயிற்றிலிருந்து வருகிற, தாழ்ந்த, நிறுத்தாத ஒரு குரல்.

நங்கை என் கையைப் பிடித்தார். "ஓடாதே. ஓடுனா ஆடு செதறும்."

பின்னால் வீட்டுப் பக்கமிருந்து குரைப்புச் சத்தம். மணியன். கிணற்றடியில் நின்று குரைக்கிறான் என்றுதான் நினைத்தேன். சத்தம் நெருங்கி வந்தது. குட்டச்சி எங்களைத் தாண்டி ஓடினாள், அவள் பின்னால் மணியன் உடம்பெல்லாம் நடுங்கக் குரைத்துக்கொண்டே ஓடினான். இரண்டும் மைனாவின் இரு பக்கமும் போய் நின்றன. செவலையால் ஓட முடியவில்லை. கிணற்றுக்கும் எங்களுக்கும் பாதி வழியில் நின்று தன் பங்குக்குக் குரைத்தாள்.

மூங்கிலுக்குள் மஞ்சளாக ஏதோ திரும்பியது. சருகு நொறுங்கும் சத்தம் மேட்டில் ஏறிப் போய்த் தேய்ந்தது. மணியன் துரத்தப் போனான். மைனா அசையாததைக் கண்டு நாலடியில் திரும்பி வந்துவிட்டான்.

ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டி வந்தோம். படலைச் சாத்தியதும் எண்ணத் தொடங்கினேன். பாதியில் விட்டுப்போனது. மறுபடி எண்ணினேன். ஒன்று குறைந்தது. மூன்றாவது முறை இரண்டு கூடியது.

"ஒண்ணு போயிருச்சு நங்கை" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"ஆடெல்லாம் நின்ன எடத்துலதான் நிக்குது. நீதான் நடுங்கறே" என்றார் அவர்.

என் பக்கத்தில் வந்து நின்று, மடங்காத அந்த விரலை நீட்டி, ஒவ்வொரு ஆடாகக் காட்டினார். அவர் காட்டக் காட்ட நான் எண்ணினேன். எல்லாம் இருந்தன.